டேப்லெட்டை மீட்டமைத்த பிறகு விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லையா? புதிய கீ வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் சித்தப்பா 2015-இல் வாங்கிய எட்டு அங்குல விண்டோஸ் டேப்லெட் இரண்டு ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்தது. பேரன் பாடம் படிக்க உதவட்டும் என்று அதை எடுத்துச் சார்ஜ் ஏற்றி, பழைய கோப்புகளை எல்லாம் அழித்து, விண்டோஸ் 10-ஐப் புதிதாக மீட்டமைத்தார். எல்லாம் முடிந்து திரை வந்ததும் வலது கீழ் மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’, அதாவது விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய் என்ற சாம்பல் நிற எழுத்துகள் வந்து நின்றுகொண்டன. பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, உரிமம் அழிந்துவிட்டது, புதிய கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் உரிமக் குறியீடு) வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் அது வந்தபோது நான் முதலில் பார்த்தது திரையின் ஓரத்தில் இருந்த தேதியை. அது 2014 என்று காட்டியது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, செட்டிங்ஸில் மீண்டும் முயலச் சொன்னதும், ஒரு நிமிடத்திற்குள் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

டேப்லெட்டோடு வந்த விண்டோஸ் உரிமம் மீட்டமைப்பதால் அழிவதில்லை என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து, தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கருவிக்கும் உரிய 25 எழுத்துக் கீயை மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே (கருவியை எழுப்பும் அடிப்படை நிரலிலேயே) எழுதி அனுப்புகிறார்கள். உங்கள் படங்களும் கோப்புகளும் இருக்கும் சேமிப்பகம் வேறு, அந்தக் கீ இருக்கும் இடம் வேறு. ஆகவே சேமிப்பகத்தை முழுவதும் துடைத்தாலும் கீ அப்படியே இருக்கும். விண்டோஸை நிறுவும்போது நிறுவு நிரல் அதைத் தானே படித்துக்கொள்ளும். 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு நடந்த இலவச மேம்படுத்தலில் விண்டோஸ் 10-க்கு மாறிய கருவிகளுக்கு இன்னொரு வகை உரிமமும் உண்டு. அதில் கீ எதுவும் கிடையாது. கருவியின் வன்பொருளை அடையாளம் காட்டும் குறியீடு ஒன்று மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். அதே கருவி மீண்டும் இணையத்திற்கு வரும்போது சர்வர் அதைக் கண்டுகொண்டு அனுமதி தரும். இதைத்தான் டிஜிட்டல் லைசென்ஸ் என்கிறார்கள்.

இரண்டு வகையிலும் மூன்று கூறுகள் பொருந்திவர வேண்டும். நீங்கள் நிறுவிய பதிப்பு உரிமத்தில் உள்ள பதிப்பாக இருக்க வேண்டும், டேப்லெட் சர்வரை அடைய முடிய வேண்டும், மதர்போர்டு பழையதாகவே இருக்க வேண்டும். ஆக்டிவேஷன் தவறினால் இம்மூன்றில் எது பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் மீண்டும் மீண்டும் மீட்டமைப்பதால் பயனில்லை.

முதலில் நிலையைப் படியுங்கள்

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் என்ற வரிசையிலும், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்ற வரிசையிலும் சென்றால், எந்தப் பதிப்பு நிறுவப்பட்டுள்ளது என்பதும் ஆக்டிவேஷன் ஏன் நடக்கவில்லை என்பதும் ஒரே பக்கத்தில் தெரியும். அங்கே பூச்சியம், எக்ஸ் என்று தொடங்கும் பிழை எண் ஒன்று இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறார்கள். ஆனால் மருத்துவருக்கு நாடி எப்படியோ, பழுது பார்ப்பவருக்கு இந்த எண் அப்படி. நிறுவப்பட்ட பதிப்பின் முழுப்பெயரையும் அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘ஹோம்’ என்பதும் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்பதும் வெவ்வேறு பதிப்புகள் என்பதால், ஒரு சொல்கூட விடுபடக் கூடாது.

கடிகாரமும் இணையமும்

எண் 80072எஃப்8எஃப் என்று முடிந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். ஆக்டிவேஷன் சர்வருடன் பேசும்போது டேப்லெட் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்திற்கு வெளியே உங்கள் கடிகாரம் நின்றால், இணைப்பே நிராகரிக்கப்படும். பல மாதங்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்த சிறிய டேப்லெட்டுகளில் பேட்டரி முழுவதும் வற்றிக் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுவது வழக்கம். நேர மண்டலத்தையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் புதிதாக நிறுவப்பட்ட விண்டோஸ் பெரும்பாலும் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் இருப்பவர்கள் பட்டியலில் யுடிசி+05:30 என்ற குறியுடன் சென்னையின் பெயரே முதலில் நிற்கும் மண்டலத்தையும், இலங்கையில் இருப்பவர்கள் அதே குறியுடன் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று இருப்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் மட்டும் சரியாகத் தெரிந்து மண்டலம் தவறாக இருந்தாலும், உள்ளே கணக்கிடப்படும் உலக நேரம் பல மணி நேரம் பிசகியே இருக்கும்.

கடிகாரம் சரியாக இருந்தும் சர்வரை அடைய முடியவில்லை என்று செய்தி வந்தால், இணைப்பை மாற்றிப் பாருங்கள். விடுதி, கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில் உள்ள வைஃபை, உலாவியில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகுதான் திறக்கும். சில இடங்களில் ப்ராக்ஸி என்ற இடைநிலைச் சர்வர் குறுக்கே நிற்கும். உங்கள் தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை முயன்றாலே இது உண்மையான காரணமா என்பது தெரிந்துவிடும். ஆக்டிவேஷனுக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும்.

வைஃபை அடையாளமே காணப்படவில்லை என்றால் கதை வேறு. தயாரிப்பாளரின் மீட்பு நகலை விட்டுவிட்டுப் பொதுவான பென் டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவியிருந்தால், சிறிய டேப்லெட்டுகளில் வைஃபைக்கும் தொடுதிரைக்கும் உரிய டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) இல்லாமலே விண்டோஸ் எழுந்துவிடும். அப்போது டேப்லெட்டால் இணையத்திற்குப் போக முடியாது, டிரைவரைப் பதிவிறக்கவும் முடியாது, ஆக்டிவேட் ஆகவும் முடியாது. இதற்கு எளிய வழி, ஆண்ட்ராய்டு தொலைபேசியை யுஎஸ்பி கேபிளால் டேப்லெட்டுடன் இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை (தொலைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் வசதியை) இயக்குவதே. விண்டோஸில் ஏற்கெனவே உள்ள டிரைவரே இதற்குப் போதும் என்பதால், பெரும்பாலும் உடனே இணையம் வந்துவிடும். டேப்லெட்டின் துளை சிறியதாக இருந்தால் ஓடிஜி கேபிள் (சிறிய துளையில் சாதாரண யுஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் இணைப்பு) ஒன்று தேவைப்படும். தொடுதிரை வேலை செய்யாத நிலையில் விசைப்பலகையும் மவுஸும் வேண்டியிருக்கும் ஆதலால், ஓடிஜியுடன் ஒரு யுஎஸ்பி ஹப்பையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்புப் பொருத்தமின்மை

நான் பார்த்தவற்றில் அதிகமான டேப்லெட்டுகள் சிக்கிக்கொண்டது இங்கேதான். நானும் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். என் முதல் விண்டோஸ் டேப்லெட்டை மீட்டமைத்தபோது நண்பர் ஒருவர் கொடுத்த பென் டிரைவைப் பயன்படுத்தினேன். நிறுவும்போது கீ கேட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப் போனேன். நிறுவி முடித்த பிறகுதான் அது ப்ரோ பதிப்பு என்பதைக் கவனித்தேன். டேப்லெட்டோ ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் உரிமத்துடன் வந்தது. ஒரு மாலை முழுவதும் கீயை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் சரியான பதிப்பை மீண்டும் நிறுவிய பிறகே அது அமைதியானது.

நிறுவு நிரல் கீ கேட்பதே ஓர் எச்சரிக்கை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். சரியான பதிப்புகளைக் கொண்ட பென் டிரைவாக இருந்தால், அது ஃபர்ம்வேரில் உள்ள கீயைத் தானே படித்து, எதையும் கேட்காமல் உரிய பதிப்பை நிறுவிவிடும். கீ கேட்டாலோ பதிப்புகளின் பட்டியலைக் காட்டினாலோ, ஒன்று அந்த பென் டிரைவில் உங்கள் பதிப்பு இல்லை, அல்லது ஃபர்ம்வேரில் கீ இல்லை என்று பொருள். சி004எஃப்212 என முடியும் பிழை எண், உரிமம் ஒரு பதிப்புக்கும் நிறுவியது இன்னொரு பதிப்புக்குமாக இருப்பதைக் குறிக்கும். சி004எஃப்034 என்பதும் பெரும்பாலும் வேறு பதிப்புக்குரிய கீயைக் கொடுத்ததால் வருவது.

உங்கள் டேப்லெட் எந்தப் பதிப்புடன் பிறந்தது என்று அறிய, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஷோகீபிளஸ் என்ற இலவசச் செயலியை நிறுவித் திறந்தால் போதும். தற்போது நிறுவப்பட்ட கீ, ஃபர்ம்வேரில் உள்ள கீ, அந்தக் கீக்கு உரிய பதிப்பு ஆகியவற்றை அது தனித்தனி வரிகளில் காட்டும். ஃபர்ம்வேர் கீக்கு எதிரே ஒரு பதிப்பும் மேலே நிறுவப்பட்டதாக வேறொரு பதிப்பும் இருந்தால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. இந்தியச் சந்தையில் விற்ற மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பே இருந்தது என்பதால், முதல் சந்தேகம் அதன் மேல் விழுவது நல்லது.

ஹோமிலிருந்து ப்ரோவுக்கு ஏறுவதற்குக் கீ மாற்றினால் போதும். ப்ரோவிலிருந்து ஹோமுக்கோ ஹோம் சிங்கிள் லாங்குவேஜுக்கோ இறங்க அந்த வழி கிடையாது. சரியான பதிப்பை முதலிலிருந்து நிறுவ வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென் டிரைவில் நிறுவு நகலை உருவாக்குங்கள். அதிலிருந்து நிறுவும்போது கீ கேட்டால், கீ இல்லை என்ற வாய்ப்பைத் தொட்டு, பின்னர் வரும் பட்டியலில் உங்கள் உரிமத்தில் உள்ள அதே பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இங்கே இன்னொரு தடையும் உண்டு. 2013, 2014-ஆம் ஆண்டுகளில் வந்த டெல் வென்யூ 8 ப்ரோ, ஆசுஸ் டி100 போன்ற இன்டெல் ஆட்டம் டேப்லெட்டுகளில், செயலி 64 பிட்டாக இருந்தாலும் ஃபர்ம்வேர் 32 பிட்டாகவே இருக்கிறது. 64 பிட் பென் டிரைவிலிருந்து அவை எழவே எழா. ஆகவே 32 பிட் நகலை உருவாக்குங்கள். கீ இரண்டுக்கும் ஒன்றுதான்.

உங்கள் கருவிக்குத் தயாரிப்பாளர் மீட்பு நகல் தருகிறார் என்றால், மேலே சொன்ன பாடு எதுவும் வேண்டாம். சர்ஃபேஸ் டேப்லெட்டுகளுக்கு மைக்ரோசாஃப்ட் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து நகலைப் பதிவிறக்கலாம். அதை ஃபேட்32 முறையில் வடிவமைத்த 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் எடுத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் பொத்தானை அழுத்தி விட்டால், டேப்லெட் அதிலிருந்து எழும். சேமிப்பகம் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்; அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். மீட்டமைக்கத் தொடங்குவதற்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள்வது நிம்மதி தரும்.

வேறொரு டேப்லெட்டின் நகல்

ஒரே மாதிரி டேப்லெட்டுகள் சில வைத்திருக்கும் பயிற்சி மையங்களில், ஒன்றை நன்றாக அமைத்து அதன் முழு நகலை மற்றவற்றில் ஏற்றுவது உண்டு. வேலை எளிதுதான், ஆனால் முதல் டேப்லெட்டின் கீயும் நகலோடு சேர்ந்து போய்விடும். சர்வர் அந்தக் கீ வேறு கருவியில் பயன்பாட்டில் இருப்பதைக் கண்டு, சி004சி008 என முடியும் பிழையைத் தரும். ஒவ்வொரு டேப்லெட்டிலும் அதன் ஃபர்ம்வேர் கீயை ஷோகீபிளஸில் பார்த்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள ‘சேஞ்ச் புராடக்ட் கீ’ என்பதைத் தொட்டு அதையே கொடுத்தால் சரியாகிவிடும். பத்து டேப்லெட் இருந்தால் பத்து முறை செய்ய வேண்டும். 0 என்ற இலக்கத்தையும் ஓ என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டிய அச்சம் இல்லை, ஏனெனில் விண்டோஸ் கீகளில் அவை இரண்டுமே வருவதில்லை. பி என்ற எழுத்தையும் 8 என்ற இலக்கத்தையும்தான் கவனித்துப் படிக்க வேண்டும்.

விண்டோஸ் 8.1-உடன் வந்த பழைய டேப்லெட்டுகள்

இந்த டேப்லெட்டுகள் விண்டோஸ் 10-க்கு ஒருமுறை மாறி ஆக்டிவேட் ஆகியிருந்தால், வன்பொருள் மாறாதவரை மீண்டும் நிறுவும்போதும் அதே பதிப்புக்கு அனுமதி கிடைக்கும். ஒருமுறைகூட மாறாமல் 8.1-இலேயே இருந்தவற்றின் நிலை வேறு. இலவச மேம்படுத்தல் 2016-இல் முடிந்த பின்னும் பழைய கீகளைக் கொண்டு விண்டோஸ் 10-ஐ ஆக்டிவேட் செய்ய முடிந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியும் நீக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகவே அப்படிப்பட்ட டேப்லெட்டை அழித்து நேரடியாக விண்டோஸ் 10-ஐ ஏற்றினால், ஆக்டிவேஷன் கிடைக்காமல் போகலாம். அதற்கு உரிய விண்டோஸ் 8.1-ஐ மீண்டும் ஏற்றினால் ஃபர்ம்வேர் கீ பொருந்தும். ஆனால் 8.1-க்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2023 ஜனவரி 10-உடனும், விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்துவிட்டன என்பதால், வங்கிக் கணக்கு போன்றவற்றை இவற்றில் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. படிக்கவும் படம் பார்க்கவும் இவை தாராளமாகப் போதும்.

மதர்போர்டு மாறியிருந்தால்

பழுது பார்க்கும்போது மதர்போர்டு மாற்றப்பட்டிருந்தாலோ, யாரோ ஒருவர் வேறு பயாஸ் (ஃபர்ம்வேர்) கோப்பை ஏற்றியிருந்தாலோ, ஃபர்ம்வேர் கீ இல்லாமல் போயிருக்கக்கூடும். ஷோகீபிளஸில் ஃபர்ம்வேர் கீ இருக்க வேண்டிய வரி வெறுமையாக இருப்பதும், 803எஃப்7001 என முடியும் பிழை எண் வருவதும் இதற்கு அடையாளங்கள். மீட்டமைப்பதற்கு முன் உங்கள் டிஜிட்டல் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள ட்ரபுள்ஷூட் என்பதைத் தொட்டு, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற வாய்ப்பைத் தேர்ந்து, அதே கணக்கில் நுழைந்து பட்டியலில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்த வசதி 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 என்ற வெளியீட்டிலிருந்து உண்டு. இது பலிக்காவிட்டால் தயாரிப்பாளரின் சேவை மையத்தை நாட வேண்டும், ஏனெனில் கருவியோடு விற்கப்பட்ட உரிமத்திற்குப் பொறுப்பு அவர்களுடையது. புதிய போர்டில் கீயை எழுதித் தருமாறு கேளுங்கள். போர்டு மாற்றிய ரசீது கையில் இருந்தால் பேச்சு எளிதாக முடியும்.

இரண்டாம் கையாக வாங்கிய டேப்லெட்டில் சி004எஃப்074 அல்லது 8007232பி என முடியும் எண் வந்தால், அது முன்பு ஏதோ ஒரு நிறுவனத்தின் உள் சர்வர் வழியாக ஆக்டிவேட் ஆனது என்று பொருள். அத்தகைய ஆக்டிவேஷன் 180 நாட்களுக்கு ஒருமுறை அந்தச் சர்வரைத் தொட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அது முடியாது. ஃபர்ம்வேரில் கீ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு உரிய பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆக்டிவேட் ஆகாதபோது

நிறுவிய நகலில் உரிமக் கோப்புகள் சிதைந்திருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்து நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, அதை ஒட்டி ஆர், ஐ, எல், சி என்று தட்டி என்டர் செய்யுங்கள். சில நிமிடங்கள் ஆனாலும் பொறுத்திருங்கள்; உரிமக் கோப்புகள் எல்லாம் மீண்டும் பதிவாகும். டேப்லெட்டை அணைத்து எழுப்பிய பின், அதே ஐந்து எழுத்துக் கட்டளையில் சாய்கோட்டுக்குப் பிறகு ஏ, டி, ஓ என்று கொடுத்தால் உடனே ஆக்டிவேஷன் முயற்சி நடக்கும். சாய்கோட்டுக்குப் பிறகு எக்ஸ், பி, ஆர் என்று கொடுத்தால், ஆக்டிவேஷன் நிரந்தரமா, காலக்கெடு உடையதா என்று சிறிய பெட்டியில் பதில் வரும். ‘பெர்மனென்ட்லி’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும்.

இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் நிரல்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றை இயக்க ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு உள்ளே என்ன நுழைந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உரிமம் ஏற்கெனவே உங்களுடையதாக இருக்கும் கருவிக்கு அந்த ஆபத்து எதற்கு? டேப்லெட்டோடு இலவசமாக வந்த ஆஃபிஸும் திறக்காமல் போயிருந்தால், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆஃபிஸ் உரிமம் தனி, அதை முதலில் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் கிடைக்கும்.

ஆக்டிவேட் ஆன அன்றே இன்னும் கால் மணி நேரம் செலவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘உங்கள் கணக்குடன் இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்’ என்ற பொருளில் செய்தி வருகிறதா என்று பாருங்கள். பதிப்பின் முழுப்பெயரையும் ஃபர்ம்வேர் கீயையும் ஒரு சீட்டில் எழுதி டேப்லெட் உறைக்குள் வையுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ்டோர் என்ற வரிசையில் உள்ள ஃபைல்ரெப்பாசிட்டரி ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அடுத்த முறை வைஃபையும் தொடுதிரையும் வேலை செய்யாதபோது, டிவைஸ் மேனேஜரில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிரைவர்கள் அங்கிருந்தே ஏறிக்கொள்ளும்.